நிறுத்தத்தில் நிற்கிறவர் பக்கமிருந்து எண்ணுங்கள்

சென்னைப் பேருந்து நிறுத்தங்களில் காத்திருப்பு நேரத்தைக் கணக்கெடுக்கப் போகும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

இந்தப் பருவத்தில் உங்களில் பலர் கையில் படிவ அட்டையும் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையுமாகப் பேருந்து நிறுத்தங்களில் போய் நிற்கப் போகிறீர்கள். ‘பயணிகளின் சராசரிக் காத்திருப்பு நேரம்’ என்று ஒரு வரி உங்கள் அறிக்கையில் வந்தாக வேண்டும். அதை நிரப்ப எளிய வழி ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை எடு, பாதியாக்கு, முடிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் காத்திருப்பு ஐந்து நிமிடம். நிறுத்தத்துக்குப் போகாமலே, வெயில் படாமலே எழுதிவிடலாம்.

அந்தப் பாதிக் கணக்கை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். உங்களுக்கு முன்னால் இதே வேலையைச் செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று அட்டவணை சொல்லும் ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஆறு வண்டி வர வேண்டும், ஆறும் வந்துவிட்டன. ஒரு நடைகூட ரத்தாகவில்லை. பணிமனைக் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஆனால் நிறுத்தத்தில் கடிகாரத்தோடு நின்றவர் குறித்துவைத்த இடைவெளிகள் இப்படி இருக்கின்றன: 2 நிமிடம், 18, 3, 17, 1, 19. கூட்டிப் பாருங்கள், 60. சராசரி இடைவெளி அதே பத்துதான். அட்டவணையில் பொய் இல்லை, சராசரியிலும் பொய் இல்லை.

இப்போது நிமிடத்துக்கு ஒருவர் வீதம் அந்த நிறுத்தத்துக்கு ஆள் வருவதாக வையுங்கள். அறுபது பேரில் எத்தனை பேர் அந்த நீண்ட இடைவெளிகளில் வந்து மாட்டிக்கொள்வார்கள்? 18, 17, 19. மொத்தம் 54 பேர். குறுகிய இடைவெளியில் வந்து சேர்ந்த அதிர்ஷ்டசாலிகள் ஆறே பேர். வண்டிகளை எண்ணினால் மூன்று இடைவெளி நல்லது, மூன்று மோசம்; சரிபாதி. ஆட்களை எண்ணினால் பத்தில் ஒன்பது பேருக்கு மோசம். இடைவெளிகளை ஒவ்வொன்றாக வர்க்கம் செய்து கூட்டி, மொத்த நேரத்தின் இருமடங்கால் வகுத்தால் உண்மையான சராசரிக் காத்திருப்பு கிடைக்கும்: 988ஐ 120ஆல் வகுத்தால் எட்டே கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக் கணக்கு சொன்னது ஐந்து. நிகழ்தகவுப் பாடத்தில் வில்லியம் ஃபெல்லரின் புத்தகம் படித்தவர்களுக்கு இந்த முரண் புதிதல்ல. அவர் அதைப் பேருந்தை வைத்தே விளக்கியிருப்பார். வண்டிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல், முழுக்கத் தற்செயலாக வந்தால் காத்திருப்பு பாதி இடைவெளி இல்லை, முழு இடைவெளி. பத்து நிமிட வண்டிக்குப் பத்து நிமிடமே நிற்க வேண்டும்.

நெரிசலும் இதே கதைதான். 18 நிமிட இடைவெளிக்குப் பின் வரும் வண்டியில் 18 பேர் ஏறுவார்கள், அதன் வாலைப் பிடித்தபடி வரும் வண்டியில் 3 பேர். நடத்துனர்களின் கணக்கைக் கூட்டினால் வண்டிக்கு சராசரி பத்துப் பேர். பயணிகளைக் கேட்டால், தன்னோடு சேர்ந்து ஏறியவர்கள் சராசரியாகப் பதினாறு பதினேழு பேர் என்பார்கள். “பஸ் எல்லாம் காலியாத்தான் சார் ஓடுது” என்று அலுவலகத்தில் சொல்வதும், “ஏறவே முடியல” என்று நிறுத்தத்தில் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

வண்டிகள் ஏன் இப்படிச் சேர்ந்து சேர்ந்து வருகின்றன என்பதற்கு ஓட்டுனரைத் திட்டுவது வழக்கம். ஆனால் கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இருவர் 1964இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரு சிக்னலில் ஒரு வண்டி ஒரு நிமிடம் பிந்துகிறது. அடுத்த நிறுத்தத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கான ஆட்களும் கூடுதலாக நிற்கிறார்கள்; ஏற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம் நேரம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் வண்டிக்கோ ஆளே மிச்சமில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நெருங்கி வந்து முன்வண்டியின் பின்கண்ணாடியை முட்டுகிற மாதிரி நின்றுவிடும். யாரும் தப்புச் செய்யாமலே இது நடக்கும். பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் வரை ஊரையே வடக்கு தெற்காகக் கடக்கும் 29சி போன்ற தடத்தில், அதுவும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகச் சாலை பாதியாகச் சுருங்கிக் கிடக்கும்போது, கிளம்பிய இடத்தில் ஒழுங்காக இருந்த இடைவெளி கடைசி நிறுத்தம் வரை தாங்கினால்தான் ஆச்சரியம். அதனால் ஒரு சின்ன வேண்டுகோள்: கணக்கெடுப்பைத் தடம் தொடங்கும் முனையத்தில் வைக்காதீர்கள். அங்கே நேரக்காப்பாளர் விசில் ஊதி அனுப்பும் இடைவெளிதான் கிடைக்கும். தடத்தின் முக்கால் தூரம் தாண்டிய நிறுத்தத்தில் நில்லுங்கள்.

கோவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது விளக்காமலே புரியும். தனியார் டவுன் பஸ்காரர்கள் ஒரு நிமிடத்துக்காக நிலையத்தில் சட்டையைப் பிடிக்கிறார்கள் அல்லவா, அந்தச் சண்டையின் உட்பொருள் இந்தச் சூத்திரம்தான். முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே விழும் ஒவ்வொரு நிமிடமும் நிறுத்தங்களில் சேரும் ஆள், சேரும் ஆள் என்றால் கலெக்‌ஷன். நம் போக்குவரத்துத் துறை அறிக்கைகள் பலவற்றைவிட இடைவெளியின் மதிப்பு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என்ன, அந்த அறிவு பயணியின் காத்திருப்பைக் குறைக்கப் பயன்படவில்லை.

பயன்படுத்திய ஊர்கள் இருக்கின்றன. லண்டனில் மணிக்கு ஐந்து வண்டியோ அதற்கு மேலோ ஓடும் தடங்களில் ஒரு குறிப்பிட்ட வண்டி நேரத்துக்கு வந்ததா என்பது அளவுகோல் இல்லை. அட்டவணைப்படி வந்திருந்தால் பயணி சராசரியாக எவ்வளவு நின்றிருப்பார், நடந்ததில் எவ்வளவு நின்றார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? அந்த வித்தியாசத்தைக் ‘கூடுதல் காத்திருப்பு’ என்று எடுத்து, வண்டி ஓட்டும் நிறுவனங்களின் ஒப்பந்தப் பணத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் 2014இல் இதே முறையைச் சோதனையாகத் தொடங்கியது: கூடுதல் காத்திருப்பு குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் அபராதம். நம் எடுத்துக்காட்டில் அது மூன்று நிமிடத்துக்கு மேல். “நடை ரத்தாகவில்லை” என்று முடித்துக்கொள்ளும் பதிவேட்டில் இந்த மூன்று நிமிடத்துக்குக் கட்டமே கிடையாது.

சரி, இப்போதுதான் வண்டிகளில் ஜிபிஎஸ் இருக்கிறதே, இடைவெளியெல்லாம் தானாகப் பதிவாகிறதே, நாங்கள் எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜிபிஎஸ் வண்டியைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. வண்டி நிறுத்தத்தைக் கடந்த நொடி அதில் இருக்கும். நிறுத்தத்தில் நிற்காமல் ஐம்பது அடி தள்ளி நிறுத்தி, ஓடி வந்த நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஓட முடியாத பாட்டியை விட்டுவிட்டுப் போனது இருக்காது. படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தைப் பார்த்து, அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம் என்று ஒதுங்கியவருக்குக் காத்திருப்பு அந்த வண்டியோடு முடிவதில்லை. ஏறிய வண்டி வரைக்கும் ஓடுகிறது. டிக்கெட் மெஷினும் அப்படித்தான். ஏறிய பின்தான் அதற்கு ஒரு பயணி பிறக்கிறார். மெட்ரோவிலாவது உள்ளே நுழையும்போதே அட்டையைத் தட்டுவதால் வந்த நேரம் தெரியும். பேருந்துக்கு அது தெரிய வழியே இல்லை. அதனால்தான் நீங்கள்.

ஆனால் போய் நின்று என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் படிவத்தில் முதல் கேள்வி, “எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்?” என்பது. கேட்டுப் பாருங்கள். “இப்பத்தாம்மா வந்தேன்”, “அஞ்சு நிமிஷம் இருக்கும்”, “அரை மணி நேரமா நிக்கறேன், எழுதிக்கோ!” நாலு நிமிடம் என்றோ ஏழு நிமிடம் என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள்; எல்லாம் ஐந்து, பத்து, கால் மணி, அரை மணிதான். அது சின்னக் குறை. பெரிய குறை கேள்வியிலேயே இருக்கிறது. மிக ஒழுங்காகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் நிறுத்தத்தில், எல்லாரும் நிஜமான விடையைச் சொன்னாலும், நீங்கள் நினைத்த நேரத்தில் போய் நிற்பவர்களைக் கேட்டால் வரும் சராசரி நாலு நிமிடம். உண்மையான சராசரிக் காத்திருப்பு ஆறு. நீங்கள் கேட்ட அதே ஆட்கள் வண்டி ஏறும்வரை மொத்தம் நின்ற நேரத்தின் சராசரியோ எட்டு. ஏனென்றால் நீங்கள் போகும் நேரத்தில் நிறுத்தத்தில் அகப்படுபவர் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்கிறவர். சட்டென ஏறிப்போனவர் உங்கள் கண்ணில் படவே மாட்டார். அதே சமயம் அவர் சொல்வது இதுவரை நின்றதை மட்டும். இனி நிற்கப் போவதை அவரால் சொல்ல முடியாது. ஒரு பிழை மேலே இழுக்கிறது, இன்னொன்று கீழே. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு நிமிட வண்டியிலேயே சமன் ஆகவில்லை.

யாரையும் கேட்காமல் அளக்க ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பிடித்த வழியும் அதுதான். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு தேற்றம். எந்த வரிசையிலும், சராசரியாக நிற்பவர் எண்ணிக்கையை ஆள் வந்துசேரும் வேகத்தால் வகுத்தால், ஒருவர் நிற்கும் சராசரி நேரம் கிடைக்கும். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். இருவராகப் போனால் நல்லது. ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணிக் குறிக்கட்டும். மற்றவர் புதிதாக வந்து நிற்பவர்களை மட்டும் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். ஒரு மணி நேரத்தில் 90 பேர் வந்தார்கள், எந்த நேரத்திலும் சராசரியாக 14 பேர் நின்றார்கள் என்றால், நிமிடத்துக்கு ஒன்றரை ஆள். பதினாலை ஒன்றரையால் வகுத்தால் ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான். நிறுத்தம் காலியான கணத்தில் தொடங்கி, காலியாகும் கணத்தில் முடியுங்கள், கணக்கு சுத்தமாக வரும்.

கேட்க எளிது. எண்ணத் தொடங்கினால் யார் பயணி என்பதே பெரிய கேள்வியாகிவிடும். மே மாத நிறுத்தத்தைப் பாருங்கள். நிழற்குடையின் பெஞ்சில் இரண்டு பேர், அதில் ஒருவர் தூங்குகிறார். விளம்பரப் பலகை வருகிற வண்டியை மறைப்பதால் ஏழெட்டுப் பேர் சாலையில் இறங்கி, கையைப் புருவத்தில் வைத்துத் தட எண்ணைப் படிக்கப் பார்க்கிறார்கள். மின்கம்பத்தின் ஒல்லி நிழலில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர். மூடிய கடையின் படியில் ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். உங்கள் டீக்கடையிலேயே ஒருவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரும் பயணிதான். கம்பெனி வேனுக்கு நிற்கிறவர் பயணி இல்லை, ஆனால் வேன் வரும்வரை உங்களுக்குத் தெரியாது. நிழற்குடைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். முதல் ஒரு மணி நேரத்தை எண்ணாமல் சும்மா பார்ப்பதற்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

இந்த முறைக்கு இன்னொரு நன்மை உண்டு. பொறுமை தீர்ந்து ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விடுகிறவரும் நின்ற நேரத்துக்குக் கணக்கில் வருகிறார். பேருந்தில் ஏறியவர்களிடம் மட்டும் “எவ்வளவு நேரம் நின்றீர்கள்?” என்று கேட்டால், மிக நீண்ட காத்திருப்புகள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்; இருபது முப்பது நிமிடம் நின்றவர்களில் கையில் காசு இருந்தவர் அந்தப் பேருந்தில் ஏறவே இல்லையே. சேவை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அந்தச் சராசரி அழகாகத் தெரியும். யார் விட்டுப்போனார், எதில் போனார் என்பதைத் தனிக் கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டிக்கு நிற்கிறார் என்பதையும் குறிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், எத்தனையோ பேரின் மாதக் கணக்கை அது மாற்றியிருக்கிறது. ஆனால் உங்கள் சூத்திரத்தில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். மணிக்குப் பன்னிரண்டு வண்டி போகும் ஒரு சாலையில் நாலு மட்டும் சாதாரணக் கட்டண வண்டி, அதாவது வெள்ளைப் பலகை அல்லது பிங்க் பஸ், என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கச்சிதமாக ஓடினாலும், எதில் வேண்டுமானாலும் ஏறத் தயாராக இருப்பவரின் சராசரிக் காத்திருப்பு இரண்டரை நிமிடம்; இலவச வண்டிக்காக நிற்கும் பெண்ணுக்கு ஏழரை. ஒரே நிறுத்தம், ஒரே சாலை, மூன்று மடங்கு. டீலக்ஸ் வண்டி வந்து கதவைத் திறக்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதை உங்கள் பதிவில் ‘ஏறவில்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது. “எத்தனை வண்டியை விட்டீர்கள், ஏன்?” என்று ஒரு கேள்வி சேருங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தாழ்தளப் பேருந்து மட்டுமே வண்டி. அவருடைய இடைவெளி அட்டவணையில் எங்கும் அச்சாகியிருக்காது. ‘சராசரிப் பயணி’ என்று ஒருவரை அறிக்கையில் நிறுத்துவதற்கு முன்னால் இவர்களைத் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.

சென்னையைத் தாண்டி, வண்டிகள் அரிதாக ஓடும் இடங்களுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு நாளைக்கு நாலு நடை வரும் கிராமத்தில் பாதிக் கணக்குப் போட்டால் மணிக்கணக்கில் வரும். அவ்வளவு நேரம் யாரும் நிற்பதில்லை. காலை ஏழு பத்து வண்டி, ஓட்டுனர் யார் என்பது வரை ஊருக்கே தெரியும், ஏழு மணிக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். 1970களிலேயே லண்டன் புறநகரில் ஜாலிஃப், ஹட்சின்சன் என்பவர்கள் பயணிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: வண்டியைக் கண்டு ஓடி வந்து ஏறுகிறவர், நேரம் தெரிந்து வருகிறவர், எந்தக் கணக்கும் இல்லாமல் வருகிறவர். கிராமத்தில் இரண்டாமவரே அதிகம். அவர் நிறுத்தத்தில் நிற்பது குறைவு. ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கே மாத்திரை வாங்கிவிட்டு, ஒன்றரை மணி வண்டிக்காக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த நேரம் எந்த நிறுத்தத்துக் கணக்கிலும் சேராது. அதை வேறு தலைப்பில் எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். இன்னொன்று: அங்கே வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் இழப்பு ஐந்து நிமிடம். இரண்டு நிமிடம் முந்திப் போய்விட்டால் இழப்பு மூன்று மணி நேரம். முந்துவதையும் பிந்துவதையும் ஒரே ‘நேரப் பிறழ்வு’ என்று கூட்டிவிடாதீர்கள்.

சராசரியோடு நின்றுவிடவும் வேண்டாம். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைவிட நிறுத்தத்தில் நிற்கும் நிமிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும் என்று திட்டமிடுகிறவர்கள் வெகுகாலமாக எடை போட்டுவருகிறார்கள். அந்த எடைக்குக் காரணம் வெயிலும் கால்வலியும் மட்டும் இல்லை, எப்போது வரும் என்று தெரியாதது. ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் கைரேகை வைக்கத் தாமதமானால் கூலி போகும் பெண், சராசரியை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. மோசமான நாளுக்குத் தயாராகித் தினமும் அரை மணி முன்னதாகக் கிளம்புகிறார். வண்டி உடனே வந்த நாளில் கம்பெனி வாசலில் நிற்கிறார். அவருக்கு வேண்டிய எண், இருபது நாளில் ஒரு நாள் எவ்வளவு நேரம் நிற்க நேர்கிறது என்பது. உங்கள் தரவில் அது இருக்கும்; சராசரிக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கணக்கெடுப்பு பெரும்பாலும் காலை, மாலை நெரிசல் நேரத்தோடு முடிந்துவிடும். முடிந்தால், பாதுகாப்புக்கு ஆள் துணையோடு, ஒரே ஒரு நாளாவது இரவு ஒன்பதரைக்கு மேல் நில்லுங்கள். அப்போது நிற்பவர்கள் குறைவுதான்: ஜவுளிக்கடையிலிருந்து வேலை முடிந்து வரும் பெண்கள், ஹோட்டல் பையன்கள், மருத்துவமனையில் இரவுத் துணைக்குப் போகிறவர்கள். கடைசி நடை சில நாள் வராமல் போகும். அன்றைக்கு அந்தப் பத்துப் பேருடைய காத்திருப்பு நேரத்துக்கு என்ன எண் போடுவது என்று குழப்பம் வரும். கணினியில் ஏற்றும்போது காலியாக விட்டால் மென்பொருள் அவர்களைச் சராசரியிலிருந்து தள்ளிவிடும், பூஜ்யம் போட்டால் சராசரியே குறைந்துவிடும். இரண்டும் வேண்டாம். எத்தனை மணிக்கு நிறுத்தத்தை விட்டுக் கிளம்பினார்கள், எதில் கிளம்பினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி, வண்டிக் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று முழுச் சொல்லாகவே எழுதுங்கள். உங்கள் பேராசிரியர் கேட்டால் இந்த மடலைக் காட்டுங்கள்.

அன்புடன்,
பழைய கணக்கெடுப்பாளன் ஒருவன்